நடுப்பகலில் கொண்டுவந்த மீன்

ஓப்பநாயக்க பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் நிசாம் நானா, கடைக்கதவு திறக்குமுன் யாருக்கும் தொலைபேசி எடுப்பவரல்லர். அன்று எடுத்தார். "சேர், நம்மட டீமேக்கர் முடிஞ்சிட்டார்" என்றார். அவருடைய பக்கத்தில் ஒரு லொறி உறுமிக்கொண்டிருந்தது கேட்டது. "மழைக்கு முந்தி எடுக்கணும்ண்டு செல்றாங்க. வெளிக்கிட்டு நில்லுங்க, வேன்ல வாரன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மழைக்கு முந்தி எடுக்க முடியவில்லை. பாடையின்மேல் கறுப்புப் பொலித்தீன் விரித்து, அதன்மேல் மாலைகளைப் போட்டு, வழுக்கும் சரிவில் தூக்கிப் போனார்கள். தூக்கியவர்களில் பாதிப்பேர் அவருக்குக் கீழே தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்.

மாரிமுத்து செல்லமுத்து என்ற அவருடைய முழுப்பெயர் மரண அறிவித்தலில்தான் பலருக்குத் தெரிந்திருக்கும். நம் எல்லோருக்கும் அவர் டீமேக்கர். இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு, வாடிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி இறுக்கி, கையைத் திறந்து, அது மெல்ல விரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அவருடைய தோற்றம் நினைவிருக்கும். அதைப் பற்றி நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். ஓய்வுபெற்ற பிறகு, கடைசிக் காலத்தில், அவர் எதற்காக ஆயத்தப்பட்டுக்கொண்டிருந்தார் என்பதை உங்களில் மிகச் சிலரே அறிவீர்கள். நான் எழுத வந்தது அதை.

ஒரு நாள் சீலைப்பையில் சுற்றிய நீளமான ஒன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். பையை அவிழ்த்தார். விரலைவிட மெல்லிய கம்பு, துண்டு துண்டாகப் பொருத்துவது. கித்துல்கலவில் வெள்ளைக்காரர்களை ஆற்றில் படகேற்றும் ஒரு பையனிடம் வாங்கியதாம். எவரோ உல்லாசப் பயணி விட்டுப்போனது.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம், சேர்."

"தூண்டில்தானே?"

"என்ன தூண்டில்?"

"நான் கடற்கரையில பிறந்தவன், டீமேக்கர். உந்தச் சுள்ளியால ஒரு கீரிமீனும் பிடிக்கேலாது."

"கடல் மீனுக்கு இல்லீங்க. துரைமீனுக்கு" என்றார். அவர் சிரிக்கவில்லை.

துரைமீன் என்பது ட்ரவுட். மலைத் தோட்டங்களின் உச்சியில், கை வைத்தால் விறைக்கும் ஓடைகளில், வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊரிலிருந்து முட்டை கொண்டுவந்து விட்ட மீன். அதைப் பிடிக்கும் முறையும் அவர்களுடையதுதான். புழு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றி ஒரு பொய்ப் பூச்சி செய்து, அது தானாக வந்து தண்ணீரில் அமர்ந்ததைப்போல வீச வேண்டும். என் மாணவருக்குச் சொல்வதைப்போலச் சொன்னால், மாட்டுச் சாட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியிலுள்ள குஞ்சத்தை நாம் எறிவதில்லை. சாட்டையை எறிகிறோம், குஞ்சம் தானாகப் போய்ச் சேர்கிறது. இங்கே கனமெல்லாம் நூலில். பூச்சிக்குக் கனமே இல்லை. கேட்க இலகு. செய்து பார்த்தால் முதல் மாதம் முழுவதும் நூல் கழுத்தில்தான் சுற்றும்.

பூச்சிகளைக் கடையில் வாங்கலாம் என்று நிசாம் நானா சொன்னார். கொழும்பில் விசாரித்தும் தந்தார். டீமேக்கர் கேட்கவில்லை. பூச்சிக்கு நல்ல சேவலின் கழுத்து இறகு வேண்டும். தோட்டத்துப் பக்கம் நல்ல சேவல் சாமிக்குத்தான் வளரும். ஆகவே திருவிழாக் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போனார். ஒரு முனியாண்டி கோயிலுக்கு நானும் கூடப் போயிருந்தேன். வெட்டு முடிந்து பூசாரி கை கழுவும்போது அருகே போய்க் குந்தினார்.

"பூசாரி, சாமிக்கு ரத்தம். ஒங்களுக்குத் தொடை. அந்தச் செவலையோட கழுத்துத் தோல மட்டும் எனக்குக் குடுங்க."

பூசாரி ஏற இறங்கப் பார்த்தார். "தலைய கேட்டவன் உண்டு, ஈரல கேட்டவன் உண்டு. தோல கேட்டு ஒரு ஆளு வந்ததில்லையே. யாருக்குச் செய்வினை வைக்கப் போறீங்க?"

"மீனுக்கு."

"மீனுக்கா! சரி, மீனு திருப்பி வச்சா என்கிட்ட வந்துறாதீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தோலை வாழையிலையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் அதைச் சாம்பலும் உப்பும் தடவி உலர்த்தி, வெள்ளை இறகுகளைக் கடுஞ்சாயத் தேநீரில் ஊறவைத்து நிறமேற்றினார். எந்தத் தூளின் சாயம் எந்தப் பூச்சிக்கு என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. எனக்கு எல்லாம் ஒரே கபில நிறம். "சேருக்கு நாக்கும் இல்ல, கண்ணும் இல்ல" என்பார்.

வீச்சுப் பழகியது மூடிக்கிடந்த பழைய தொழிற்சாலையில். கொழுந்தெல்லாம் வேறு தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கியபின் அது வெறுமையாகக் கிடந்தது. அதன் மேல்மாடி, கொழுந்து வாட்டும் இடம், நீண்ட பலகைத் தளம், தூணுக்குத் தூண் ஜன்னல். தேநீர்க் கோப்பை வைக்கும் பீரிஸ் ஒன்றைத் தூரத்தில் வைத்து, கொக்கி முனை நறுக்கிய பூச்சியை அதில் விழுத்துவார். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டால் பிழை. கேட்காவிட்டால் சரி. நான் அங்கே உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான்.

"கொழுந்து வாடுற எடத்துல நான் வாடுறேன், சேர்" என்பார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

நிசாம் நானா கடையடைத்துவிட்டு வந்தால் வாசலிலேயே தொடங்கிவிடுவார். "டீமேக்கர், நீங்க இந்தப் பீரிஸுக்குப் படுற பாட்டுக்கு ஒரு வலையை வாங்கியிருந்தா பலாங்கொடைக்கே மீன் குடுத்தீக்கலாம்."

"வலை போடுறது வயித்துக்கு, மொதலாளி. இது வயித்துக்கு இல்ல."

"அப்ப எதுக்கு?"

பல மாதங்கள் அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தகரக் கூரையில் மழை அடித்து ஒருவரையொருவர் கேட்பதே சிரமமாயிருந்த ஒரு பின்னேரம், கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாங்கள் மறுபடி விசாரிக்காமலே சொன்னார்.

அவர் பிறந்தது அந்த மலைவரிசையின் உச்சியிலுள்ள ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில். தகப்பன் மாரிமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர். சிறுவனாயிருந்த செல்லமுத்து காய்ச்சலில் கிடந்த ஒரு மழைக்காலம், ஓடை பெருகித் தேயிலை மலையின் வடிகானுக்குள் பாய்ந்தது. வெள்ளம் வடிந்ததும், அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்துக் கானில் ஒரு சாண் நீளத் துரைமீன் துடித்துக்கொண்டு கிடந்தது. மாரிமுத்து அதை எடுத்துப் பிள்ளைக்குச் சுட்டுக் கொடுத்தார். வாசம் காவலாளிக்குப் போயிற்று. காவலாளி துரையிடம் போனான். கானில் கிடந்ததை எடுத்தேன் என்றார் மாரிமுத்து. துரைமீன் கானில் கிடக்காது, ஓடையில்தான் இருக்கும், நீ திருடினாய் என்றார் துரை. லயத்து வாசலில் வைத்து அடித்தார்கள். வேலையைவிட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, பொழுது சாயுமுன் குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டு இறக்கினார்கள். லயமே வாசலில் நின்று பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு சீட்டு.

"அந்த மீன நான்தான் தின்னேன், சேர். ருசி ஞாபகம் இல்ல. அடி ஞாபகம் இருக்கு."

இறங்கும்போது மாரிமுத்து லயத்து எல்லைக்கல்லில் கையடித்துச் சத்தியம் செய்தார். துரைமீனைக் கையில் பிடித்துக்கொண்டு, நடுப்பகலில், எல்லோரும் பார்க்க வந்தால் ஒழிய நானோ என் பிள்ளையோ இந்த மண்ணை மிதிக்கமாட்டோம் என்று. அவர் வேறொரு தோட்டத்தில், அந்த மலையைத் திரும்பிப் பார்க்காமலே செத்தார். மகன் படித்து, தொழிற்சாலையில் சேர்ந்து, டீமேக்கராகி, பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போய்வந்தார். அந்த டிவிஷனுக்கு மட்டும் போனதில்லை.

"அதனால பெரிய மீனா இருக்கணும்" என்றார். "சின்னதுன்னா, பாரு, இவனும் கான்லதான் எடுத்திருக்கான்னுடுவாங்க."

நிசாம் நானா அதன்பிறகு வலையைப் பற்றிப் பேசியதில்லை. மறுவாரம் தன் செலவில் நல்ல நூல் ஒரு சுருள் வாங்கிவந்து பீரிஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஆயத்தம் என்றால் மீனுக்கு மட்டுமல்ல. ஓடையில் தூண்டில் போட என்று மட்டும் சொல்லித் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கினார். சட்டப்படி வேறு எங்கெங்கே கேட்க வேண்டுமோ அங்கெல்லாம் கேட்டார். இப்போதைய துரை நம்மவர், இளைஞர். "வயசு காலத்துல இதெல்லாம் தேவையா, அங்கிள்?" என்று சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டாராம். நாள், ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாமல் எல்லோரும் லயத்தில் இருக்கும் நாள். நேரம், சோறு பொங்கும் நேரம். உடுப்பு, புதுக் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும். "அப்பா கிழிஞ்ச சாரத்தோட போனாரு. நான் இப்படி வரணும்." மேல் ஓடையில் பிடித்துக்கொண்டு, குறுக்குப்பாதையால் இறங்கி, லயத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க வேண்டும். காவலாளியின் மகன் எந்த வாசலில் நிற்பான், கங்காணி பேரன் எந்த வாசலில் நிற்பான் என்றெல்லாம் சொல்லுவார். "அதே வாசல்ல நின்னு பாத்தாங்க. அதே வாசல்ல நின்னு பாக்கட்டும், சேர். ஒண்ணும் சொல்ல வேணாம்."

"இப்ப அங்க ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஆரிட்டையும் விசாரிச்சனீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

கையை உயர்த்தித் தடுத்தார். "அந்த லயத்துப் பேச்சே எங்க வீட்ல கெடையாது. மீன் கையில வந்தப்புறம்தான் பேசணும்."

சத்தியம் அவருடையது. நானும் அத்துடன் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் நெஞ்சு மோசமாகிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுவதும் தேயிலைத் தூசியை இழுத்த நெஞ்சு. மலையேறக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். அவருடைய மனைவி பார்வதி என்னைப் படலையில் மறித்துவிட்டார்.

"சேர், நீங்க படிச்சவரு, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. மாமனார் செத்து எலும்பும் மக்கிப்போச்சு. அந்த மனுசனுக்காக இவரு உசுர விடணுமா? மீன் வேணும்னா டவுன்ல வாங்கிக் குடுங்க."

நான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சேர், சோதனையில பெயில் போன பையன் திரும்ப எழுத வந்தா, வேணாம் போடான்னு அனுப்புவீங்களா?" என்றார்.

"மாட்டன்."

"எங்கப்பாவுக்குத் திரும்ப எழுதக் கெடைக்கல. பேப்பரு இன்னும் மேசையிலயேதான் கெடக்கு."

நாற்பது வருடம் உதாரணம் சொல்லியே பிழைத்தவன் நான். இதற்கு எதிர் உதாரணம் எனக்கு அகப்படவில்லை.

போனோம். நிசாம் நானாவின் வேனில், விடியுமுன். மேல் பாதையில் வேனை நிறுத்திவிட்டு ஓடைக்கு நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் டீமேக்கர் குனிந்து, முழங்காலில் கையூன்றி, மூச்சுக்குக் காத்திருந்தார். நாங்கள் புல்வெளியைப் பார்ப்பதுபோல நின்றோம்.

முதலில் விழுந்த இரண்டும் சிறியவை. கையை நனைத்துப் பிடித்துத் திரும்ப விட்டார். நிசாம் நானாவால் தாங்கமுடியவில்லை. "யா அல்லாஹ், கையில வந்ததை விடுறாரே இந்த மனிசன்!" பாறைக்குக் கீழே கறுத்த மடு ஒன்று இருந்தது. பூச்சியை மாற்றினார். அந்தச் செவலைச் சேவலின் இறகு. நூல் பின்னால் போய், நிமிர்ந்து, முன்னால் வந்தது. பூச்சி விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் சற்றே உப்பியது. கம்பு வில்லாய் வளைந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இழுக்க இழுக்க நூலை விட்டுக்கொடுத்து, மீன் களைக்கும்வரை காத்திருந்தார். யார் முதலில் களைக்கப் போகிறார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் நிசாம் நானா சாரத்தை மடித்துக் கட்டி இறங்கி வலைக்கூடையில் ஏந்தினார். முழங்கையைத் தாண்டிய நீளம். விலாவில் ரோஜா நிறக் கோடு. டீமேக்கர் கற்பாறையில் உட்கார்ந்து இருமினார், இருமினார். பிறகு முகம் கழுவி, தலை சீவி, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

குறுக்குப்பாதை காடேறியிருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. லயம் இருந்தால் பாதை இருக்கும்.

எல்லைக்கல்லைத் தாண்டி அவர் முதல் காலை வைத்தார். செவுளில் விரல் கோத்து மீனை முன்னால் பிடித்திருந்தார். உச்சிவெயில். லயம் நீளமாகக் கிடந்தது. கூரைத் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கதவுகள் இல்லை. அறைகளுக்குள் பன்னச்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. லயத்துக்கு மேலே மலை, ஆள் இறங்கக்கூடிய அகலத்துக்கு வெடித்திருந்தது. மண்சரிவு அபாயம், நுழைய வேண்டாம் என்று மும்மொழியிலும் ஒரு பலகை. எல்லோரும் எப்போதோ எழுப்பப்பட்டு, சிலர் கீழ் டிவிஷனுக்கும் மற்றவர்கள் கொழும்புப் பக்கமுமாகப் போய்விட்டிருந்தார்கள்.

அவர் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நடந்தார். ஒவ்வொரு வாசலுக்கு முன்னும் நடையைத் தளர்த்தி, மீனை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்து, பிறகு அடுத்த வாசலுக்குப் போனார். அவர்கள் இருந்த அறைக்கு முன்னால் மட்டும் நின்றார். "மாரிமுத்து மகன் செல்லமுத்து வந்திருக்கேன்" என்றார் உரத்து. வெடித்த மலையில் எங்கோ ஒரு கல் உருண்டது.

நிசாம் நானா அழுதுகொண்டிருந்தார். "டீமேக்கர், நாங்க ரெண்டு பேரும் பாத்தோம் தானே" என்றார்.

"ஓம், நான் பாத்தனான்" என்றேன் நானும்.

டீமேக்கர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. புதிய ஆள் ஒருவனுக்குத் தூளின் தரத்தை விளக்குவதைப்போல மெதுவாகச் சொன்னார்: "நீங்க பாத்து என்னங்க சேர் ஆகப்போவுது? அன்னைக்கு நின்னு பாத்தது நீங்க இல்லையே."

லயத்துக்கு அந்தப் பக்கம் பழைய கான், சருகு மண்டிக் கிடந்தது. குனிந்து மீனை அதற்குள் வைத்தார். நல்ல மீன், வீட்டுக்குக் கொண்டுபோவோம் என்று நிசாம் நானா சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

அதன்பிறகு அவர் தொழிற்சாலை மாடிக்குப் போகவில்லை. நான் பார்க்கப் போனால் கதிரையில் உட்கார்ந்திருப்பார். "நெஞ்சு தேறினதும் இன்னொருக்கா போவமே?" என்று கேட்டேன். "எங்கீங்க, சேர்?" என்றார். சில கிழமைகளுக்குப் பிறகுதான் நிசாம் நானாவின் அந்தத் தொலைபேசி வந்தது.

கருமாதி முடிந்து எல்லோரும் எழுந்துபோனபின் பார்வதி எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"எனக்குத் தெரியும், சேர்" என்றார்.

"என்ன தங்கச்சி?"

"அந்த லயத்துல ஆளு இல்லைன்னு. என் அக்கா மகள அந்தப் பக்கந்தான் கட்டிக்குடுத்திருக்கு. ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லிருச்சு."

"அவரிட்டைச் சொல்லேல்லையே?"

"எப்படிச் சொல்றது? அந்தப் பேச்ச எடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவாரு. நானும் நெனச்சேன், எங்க ஏறப்போறாரு, இப்படியே தயார் பண்ணிக்கிட்டே கெடக்கட்டும்னு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாரு. போகாம இருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரு. இல்ல, அன்னைக்கே படுத்திருப்பாரோ என்னமோ. ரெண்டையும் மாத்தி மாத்தி நெனச்சுக்கிட்டுத்தான் கெடக்கேன், சேர்."



டீமேக்கரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவர் என்னைத் திருத்திய அந்த ஒரு வார்த்தைதான். அன்று நின்று பார்த்தது நான் இல்லை. என் சாட்சி அவருக்குப் போதாது. சரியான விடை அதுவே. ஆனால் நின்று பார்த்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் எங்கேயோ இருக்கிறீர்கள். கீழ் டிவிஷனில், கொழும்பில் கடைகளில், வீட்டு வேலைகளில், கடல் கடந்தும். இந்தக் குறிப்பு கைமாறி உங்களில் ஒருவரிடமாவது வந்து சேரும் என்று நம்புகிறேன். உங்களுக்குச் சொல்கிறேன். கவ்வாத்துக்கார மாரிமுத்துவின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுப்பகலில், வெள்ளைச் சட்டை போட்டு, தன் கையால் பிடித்த பெரிய துரைமீனுடன் உங்கள் லயத்துக்கு வந்தார். ஒரு வாசலையும் விடவில்லை. உங்கள் வாசலுக்கும் மீனைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போனார்.